தைராய்டு கட்டி: ஊசி எப்போது, ஆபரேஷன் எப்போது

வேலூரில் வீடு இருப்பவர்களுக்கு ஓர் உபரி வேலை தானாக வந்து சேரும். குடியாத்தத்திலிருந்தோ ஆரணியிலிருந்தோ சொந்தக்காரர் யாராவது ஸ்கேன் கவரோடு வந்து நிற்பார்கள். "பெரிய ஆஸ்பத்திரில காட்டணும், கூட வர்றியாப்பா?" கொஞ்ச காலமாக அந்தக் கவர்களில் கழுத்து ஸ்கேன் அதிகம். கழுத்து வலிக்கு எடுத்த ஸ்கேனிலோ, தள்ளுபடியில் செய்துகொண்ட 'ஃபுல் பாடி செக்கப்'பிலோ தைராய்டில் கட்டி என்று ஒரு வரி வந்திருக்கும். அந்த ஒரு வரிக்கு வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு. "எடுத்துப் போட்டுட்டா நிம்மதி" என்பார் சித்தப்பா. "ஊசி குத்தினா பரவிடும்னு சொல்றாங்களே, இன்னா பண்றது?" என்பார் அத்தை. அத்தை சொல்லும் ஊசி மருந்து ஏற்றுவது இல்லை, கட்டியிலிருந்து கொஞ்சம் செல்லை எடுத்துச் சோதிப்பது.

நான் டாக்டர் இல்லை. கூடப் போய் உட்கார்ந்தும், ரிப்போர்ட்டுகளைப் படித்தும், டாக்டர்களைக் கேட்டும் தெரிந்துகொண்டதை, அந்தக் கவரை இப்போதுதான் கையில் வாங்கியிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். உங்கள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தவர் சொல்வதே கடைசி வார்த்தை. அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போகலாம், அவ்வளவுதான்.

முதலில் பயத்தை அதன் அளவில் வைத்துவிடுவோம். ஸ்கேன் கருவியை வைத்துத் தேடினால், பெரியவர்களில் பாதிப் பேருக்குக்கூட தைராய்டில் ஏதாவது ஒரு கட்டி தென்படும். வயது ஏற ஏற இது அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். பத்துக் கட்டியில் ஒன்பது சாதாரணக் கட்டி. புற்றுநோயாகவே இருந்தாலும் பெரும்பாலும் பாப்பிலரி என்ற வகை. மெதுவாக வளரும், சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும். தென்கொரியாவில் 1999க்குப் பிறகு பொதுப் பரிசோதனையோடு கழுத்து ஸ்கேனும் பரவலானது. 2011இல் அங்கே கண்டுபிடிக்கப்பட்ட தைராய்டு புற்றுநோய், 1993இல் இருந்ததைப் போல 15 மடங்கு. அந்த நோயால் இறந்தவர்களின் விகிதமோ மாறவே இல்லை. தேடியதால் கிடைத்தவை அவை. அப்படிக் கிடைத்தவர்களில் பெரும்பாலோருக்குத் தைராய்டை எடுத்துவிட்டார்கள்; சும்மா விட்டிருந்தால் ஒன்றும் செய்திருக்காத கட்டிகள் அதில் நிறைய.

அதனால் "எடுக்கலாமா, வேண்டாமா" என்று ஆரம்பிக்காதீர்கள். ஒவ்வொரு படியிலும் ஒரே கேள்வி: இந்தப் பரிசோதனையின் பதில் எதுவாக வந்தாலும் நாம் செய்யப்போவது ஒன்றுதானா? ஆமாம் என்றால் அந்தப் பரிசோதனை இப்போது வேண்டியதில்லை.

ஆனால் சில விஷயங்கள் இருந்தால் இந்தப் பொறுமை பொருந்தாது. குரல் திடீரென்று கம்மி வாரக்கணக்கில் சரியாகாமல் இருப்பது, கட்டி சில வாரங்களில் விறுவிறுவென்று பெருப்பது, மல்லாந்து படுத்தால் மூச்சு அடைப்பது, கட்டி கல் மாதிரி அசையாமல் இருப்பது, கழுத்தின் பக்கவாட்டில் நெறி கட்டியிருப்பது, சின்ன வயதில் தலைக்கோ கழுத்துக்கோ கதிர்வீச்சு சிகிச்சை எடுத்திருப்பது, குடும்பத்தில் யாருக்காவது மெடுல்லரி வகை தைராய்டு புற்றுநோய் இருந்திருப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம், டாக்டரைப் பாருங்கள்.

படி 1: டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை

இது சுலபம். டி.எஸ்.எச். என்பது தைராய்டைச் சுரக்கச் சொல்லி மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோன்; தைராய்டு அதிகமாகச் சுரந்தால் இது குறையும். டி.எஸ்.எச். சாதாரணமாகவோ கூடுதலாகவோ இருந்தால் அடுத்தது ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படிப்பது. குறைவாக இருந்தால் கட்டியே தன் இஷ்டத்துக்கு ஹார்மோன் சுரக்கிறதோ என்று சந்தேகம். அதற்கு நியூக்ளியர் ஸ்கேன் எழுதித் தருவார்கள். அதில் 'சூடான' கட்டி, அதாவது தானே ஹார்மோன் சுரக்கும் கட்டி, என்று வந்தால் புற்றுநோயாக இருப்பது மிக அபூர்வம்; பொதுவாக ஊசியே தேவைப்படாது, சிகிச்சையின் பாதையே வேறு. கர்ப்பிணிகளுக்கு அந்த ஸ்கேன் கிடையாது. முடி வளர பயோட்டின் மாத்திரை போடுகிறவர்கள் ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே நிறுத்திவிடுங்கள், அது டி.எஸ்.எச். அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டக்கூடும்.

டி.எஸ்.எச். சரியாக இருக்கிறது, அதனால் கட்டி பற்றிக் கவலை இல்லை என்று சிலர் திரும்பிப் போய்விடுகிறார்கள். சுரப்பி நன்றாக வேலை செய்கிறதா என்பதும், அதில் இருக்கும் கட்டி எப்படிப்பட்டது என்பதும் இரண்டு தனித்தனிக் கேள்விகள்.

படி 2: ஸ்கேன் ரிப்போர்ட்டை நீங்களே படியுங்கள்

முடிவின் முக்கால் பங்கு இங்கேதான் இருக்கிறது. ஆனால் கையில் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் பார்ப்பது கட்டியின் அளவை மட்டும். "ரெண்டு சென்டிமீட்டராம்" என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டிருக்கும்.

ரிப்போர்ட்டில் டைராட்ஸ் என்ற சொல்லையும் பக்கத்தில் ஒரு எண்ணையும் தேடுங்கள். அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி 2017இல் வெளியிட்ட மதிப்பெண் முறை இன்று பரவலாகப் புழங்குகிறது. கட்டியின் ஐந்து குணங்களுக்குத் தனித்தனியாக மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள்.

உள்ளே முழுக்க நீர் என்றாலோ பஞ்சு போல இருந்தாலோ 0. நீரும் சதையும் கலந்தது 1. கெட்டியான சதை 2. சுற்றியுள்ள சுரப்பியைப் போன்ற நிறமோ அதைவிட வெளுப்போ என்றால் 1, கறுப்பாகத் தெரிந்தால் 2, மிகக் கறுப்பு 3. அகலத்தைவிட உயரம் அதிகமாக நிமிர்ந்து நிற்கும் கட்டிக்கு 3. ஓரம் ஒழுங்கற்று மேடுபள்ளமாக இருந்தால் 2, சுரப்பியைத் தாண்டி வெளியே நீட்டியிருந்தால் 3. உள்ளே பெரிய சுண்ணாம்புத் துண்டு 1, ஓரத்தைச் சுற்றி வளையமாக இருந்தால் 2, பொடிப்பொடியான வெள்ளைப் புள்ளிகள் 3.

கூட்டுத்தொகை 3 வந்தால் டிஆர்3. 4 முதல் 6 வரை டிஆர்4. 7ம் அதற்கு மேலும் டிஆர்5. கூட்டுத்தொகை 3க்குக் கீழே இருப்பவற்றுக்கு ஊசி வேண்டியதில்லை. ஊசி போட வேண்டிய அளவு டிஆர்3க்கு 2.5 செ.மீ., டிஆர்4க்கு 1.5 செ.மீ., டிஆர்5க்கு 1 செ.மீ. அந்த அளவைத் தொடாதவற்றில் டிஆர்3 என்றால் 1.5 செ.மீ., டிஆர்4 என்றால் 1 செ.மீ., டிஆர்5 என்றால் அரை செ.மீ. இருந்தாலே மறு ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்பார்கள். அதற்கும் கீழே என்றால் அதுவும் வேண்டாம்.

இரண்டு கட்டிகளை வைத்துப் பாருங்கள். இரண்டுமே 1.8 செ.மீ. ஒன்று கெட்டியானது, சுரப்பியின் நிறம், ஓரம் வழவழப்பு, புள்ளிகள் இல்லை: 2, 1, மொத்தம் 3. டிஆர்3, ஊசி வேண்டாம், அடுத்த வருடம் ஸ்கேன். இன்னொன்று அதே மாதிரிதான், நிறம் மட்டும் கறுப்பு: 2, 2, மொத்தம் 4. டிஆர்4, அளவும் 1.5ஐத் தாண்டிவிட்டது, ஊசி போட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கு "இதே சைஸ்தான், ஒண்ணும் பண்ண வேணாம்னுட்டாங்க" என்பது உங்களுக்கு ஏன் பொருந்தாது என்பது இதில் தெரியும்.

ரிப்போர்ட்டில் மதிப்பெண்ணும் இல்லை, இந்தக் குணங்கள் பற்றிய விவரமும் இல்லை, 'தைராய்டு நாட்யூல், தகுந்த பரிசோதனை செய்யவும்' என்று மட்டும் முடிந்திருந்தால் அதை வைத்துக்கொண்டு எந்த முடிவும் எடுக்காதீர்கள். எடுத்த இடத்திலேயே விவரமாக எழுதித் தரச் சொல்லலாம். இல்லையென்றால் தைராய்டு ஸ்கேன் அடிக்கடி பார்க்கிற ரேடியாலஜிஸ்ட்டிடம் திரும்ப எடுப்பது வீண்செலவு இல்லை. கழுத்து நெறிகளைப் பார்த்தார்களா என்பதும் எழுதியிருக்க வேண்டும். சந்தேகத்துக்குரிய நெறி இருந்தால் மேலே சொன்ன அளவுக் கணக்கெல்லாம் ஒதுங்கிவிடும்.

பல கட்டிகள் இருந்தால் எல்லாவற்றிலும் குத்த மாட்டார்கள். மதிப்பெண் அதிகம் வாங்கிய ஒன்றோ இரண்டோ போதும். பெரியதுதான் மோசமானது என்று இல்லை.

படி 3: ஊசிப் பரிசோதனை

எஃப்.என்.ஏ.சி. என்று சீட்டில் எழுதியிருக்கும். பலர் மனதில் இது பாதி ஆபரேஷன். நடப்பது இதுதான்: மல்லாக்கப் படுக்க வைத்து, தோளுக்குக் கீழே தலையணை கொடுத்து, தலையைப் பின்னால் சாய்ப்பார்கள். ஸ்கேன் கருவி கழுத்தில் இருக்கும். "எச்சில் முழுங்காதீங்க, பேசாதீங்க" என்பார்கள். ரத்தம் எடுக்கும் ஊசியைவிட மெல்லிய ஊசி உள்ளே போய், சில நொடிகள் மேலும் கீழும் அசைந்து வெளியே வரும். ஊசிக்குள் வந்த துளியைக் கண்ணாடி ஸ்லைடில் வைத்து, இன்னொரு ஸ்லைடால் இழுத்துத் தேய்ப்பார்கள். இப்படி இரண்டு மூன்று தடவை. அப்புறம் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு வெளியே உட்கார்ந்தால் முடிந்தது. சாப்பிட்டுவிட்டே போகலாம். அன்றைக்கே பஸ் ஏறி ஊருக்குப் போகலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறவர்கள் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நீங்களாக நிறுத்தக் கூடாது.

அத்தையின் பயத்துக்கு வருவோம். ஊசி போன வழியில் தைராய்டு புற்றுநோய் பரவியது மருத்துவத்தில் மிக மிக அபூர்வம். அதற்காக ஊசியைத் தவிர்ப்பது நியாயமே இல்லை. இந்தப் பயத்தால் ஊசியைத் தவிர்த்துவிட்டு நேராக ஆபரேஷனுக்குப் போய், சாதாரணக் கட்டிக்காக முழுச் சுரப்பியையும் இழந்து, ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், ஊசி போடாமல் தேதி குறிக்கும் ஆபரேஷனுக்கு "ஏன்?" என்று ஒரு கேள்வியாவது கேட்டே ஆக வேண்டும்.

படி 4: பெதஸ்டா எண்

ஊசியின் ரிப்போர்ட்டில் பெதஸ்டா என்று 1 முதல் 6 வரை ஓர் எண் வரும். 2023இல் வந்த மூன்றாம் பதிப்பின்படி ஒவ்வொன்றிலும் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு சராசரியாக: 1க்கு 13%, 2க்கு 4%, 3க்கு 22%, 4க்கு 30%, 5க்கு 74%, 6க்கு 97%.

இது நோயின் நிலை இல்லை. 'பெதஸ்டா 4' என்று பார்த்ததும் 'நாலாவது ஸ்டேஜ்' என்று நினைத்து, ரிப்போர்ட் கவுண்டர் முன்னாலேயே உடைந்து அழுதவரைப் பார்த்திருக்கிறேன். அது நுண்ணோக்கியில் பார்த்தவர் போட்ட சந்தேகத்தின் அளவு மட்டுமே.

1 என்றால் போதிய செல் கிடைக்கவில்லை. ஸ்கேன் பார்த்தபடி மறுபடி ஊசி. 2 என்றால் சாதாரணக் கட்டி, கண்காணிப்பு. 5, 6 வந்தால் பெரும்பாலும் ஆபரேஷன் பேச்சு. திண்டாட்டம் நடுவில் இருக்கும் 3லும் 4லும்தான்.

3 என்பது செல்கள் கொஞ்சம் வித்தியாசமாக இருக்கின்றன, இன்னதென்று சொல்ல முடியவில்லை என்பது. மறுபடி ஊசி போட்டால் பலருக்குத் தெளிவான பதில் கிடைக்கும். சில வாரங்கள் கழித்துப் போடச் சொல்வார்கள். அந்த இடைவெளியில் குடி முழுகிவிடாது. இரண்டாவது தடவையும் 3 என்றே வந்தால் ஸ்கேனின் டைராட்ஸ் எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஸ்கேன் நல்லபடியாக இருந்தால் காத்திருக்கலாம். ஸ்கேனும் சந்தேகமாக இருந்தால் பாதிச் சுரப்பியை எடுப்பது நியாயம். வெளிநாட்டுக் கட்டுரைகளில் இந்த இடத்தில் மரபணுச் சோதனை பற்றி எழுதியிருப்பார்கள். அது விலை அதிகம்; நம் பக்கம் பெரும்பாலும் பேச்சு மறு ஊசிக்கும் பாதி ஆபரேஷனுக்கும் இடையில்தான் நடக்கும்.

4 என்பது ஃபாலிக்குலர் வகைக் கட்டி. இதில் எத்தனை தடவை குத்தினாலும் முழுப் பதில் வராது. ஃபாலிக்குலர் கட்டி சாதாரணமானதா புற்றுநோயா என்பதைத் தீர்மானிப்பது, அது தன் மேலுறையையோ ரத்தக் குழாயையோ துளைத்திருக்கிறதா என்பது. ஊசியில் வருவது தனித்தனிச் செல்கள்; மேலுறையைப் பார்க்கக் கட்டி முழுதாக வெளியே வர வேண்டும். அதனால் இங்கே பாதிச் சுரப்பியை எடுப்பது நோயைக் கண்டுபிடிக்கவே. "புத்துநோயான்னு தெரியாமலே ஏன் ஆபரேஷன் பண்றாங்க?" என்று கோபப்படுகிறவர்களுக்கு விடை இதுதான். பத்தில் ஏழு பேருக்கு அது சாதாரணக் கட்டி என்றே முடியும்; அவர்களுக்கு மீதிப் பாதி சுரப்பி கழுத்திலேயே இருக்கும்.

படி 5: ஆபரேஷன் என்றால் எவ்வளவு?

புற்றுநோய்ச் சந்தேகம் இல்லாமலும் எடுக்க வேண்டிய கட்டிகள் உண்டு. விழுங்கும்போது தடுப்பவை, மூச்சுக்குழாயை நெருக்குபவை, மார்பெலும்புக்குப் பின்னால் இறங்கியவை, ஹார்மோனை அதிகமாகக் கொட்டுபவை. 4 செ.மீ.க்கு மேல் போனாலும் டாக்டர் இந்தப் பேச்சை எடுப்பார். சாதாரணக் கட்டிதான், ஆனால் தொந்தரவு தருகிறது என்றால் ரேடியோ அலைச் சூட்டால் சுருக்கும் முறையும் இருக்கிறது. அதற்கு முன் அது சாதாரணக் கட்டி என்பதை ஊசியில், பொதுவாக இரண்டு தடவை, உறுதி செய்துகொள்வார்கள்.

'கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்துடலாம்' என்பது நம் பக்கத்தில் மட்டுமே கேட்கும் மருத்துவக் காரணம். இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு 1 செ.மீ. கட்டி, ஊசியில் பெதஸ்டா 2. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்று ஆபரேஷன் கேட்கிறார் அம்மா. எடுத்தால் தழும்பு, ஒருவேளை தினமும் மாத்திரை. எடுக்காவிட்டால் வருடத்துக்கொரு ஸ்கேன், அதுவும் சில காலம்தான். மறைக்க நினைத்ததை ஆபரேஷன்தான் வெளியே காட்டும்.

பாதியா முழுதா என்று சர்ஜனிடம் கேட்டே தீர வேண்டும். பாதி எடுத்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத்தான் மாத்திரை தேவைப்படும். முழுதும் எடுத்தால் எல்லோருக்கும், ஆயுளுக்கும். முழுதும் எடுக்கும்போது இரண்டு பக்கத்துக் குரல் நரம்பும், கால்சியத்தைக் கவனிக்கும் நான்கு சின்னஞ்சிறு பாராதைராய்டு சுரப்பிகளும் ஆபத்துக்குள் வருகின்றன. தற்காலிகமாகக் குரல் கரகரப்பதும், உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் மரமரப்பதும் சகஜம். மரமரப்பு வந்தால் உடனே சொல்ல வேண்டும், கால்சியம் கொடுப்பார்கள். நிரந்தரப் பாதிப்பு பழகிய கைகளில் குறைவு. அமெரிக்காவில் 2017இல் வந்த ஓர் ஆய்வு, ஆண்டுக்கு 25க்கு மேல் முழுத் தைராய்டு ஆபரேஷன் செய்யும் சர்ஜன்களிடம் சிக்கல்கள் குறைவு என்று கண்டது. அதனால் "டாக்டர், நீங்க வருஷத்துக்கு எத்தனை தைராய்டு பண்ணுவீங்க?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல சர்ஜன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

புற்றுநோய் என்று உறுதியானாலும் எல்லாமே முழு ஆபரேஷன் இல்லை. 4 செ.மீ. வரை, வெளியே பரவாத, ஆபத்து குறைந்த பாப்பிலரிக்குப் பாதி போதுமானதாக இருக்கலாம் என்பது அமெரிக்கத் தைராய்டு சங்கம் 2015 முதல் சொல்லிவருவது. 1 செ.மீ.க்கு உட்பட்டதை எடுக்காமலே கண்காணிக்கும் முறையை ஜப்பானில் கோபே நகரத்தின் குமா மருத்துவமனை 1993இல் தொடங்கியது. நம் ஊரில் இதைக் கேட்டால் ஆச்சரியமாகப் பார்க்கலாம். ஆனாலும் உங்கள் கட்டி அந்த அளவு என்றால் கேட்கத் தகுந்த கேள்வி. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தவறாமல் ஸ்கேனுக்கு வர முடியாதவர்களுக்கு அது சரிப்படாது.

படி 6: வேலூரில் எங்கே, எப்படி

சி.எம்.சி.யில் (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) எண்டோகிரைன் சர்ஜரி, அதாவது ஹார்மோன் சுரப்பிகளுக்கான அறுவை சிகிச்சை, என்று தனித் துறையே இருக்கிறது. அப்பாயின்ட்மென்ட்டை முன்கூட்டியே ஆன்லைனில் போட்டுக்கொள்ளுங்கள். சில துறைகள் ராணிப்பேட்டை வளாகத்தில் நடக்கின்றன. சீட்டில் எந்த வளாகம் என்று பார்க்காமல் தோட்டப்பாளையத்தில் வந்து இறங்கி நிற்காதீர்கள். காட்பாடியில் ரயில் இறங்குகிறவர்களுக்கு டவுன் பஸ் உண்டு. வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருகிறவர்களால் காந்தி ரோடு, பாபு ராவ் தெரு லாட்ஜுகள் எப்போதும் நிறைந்திருக்கும். ஊசிப் பரிசோதனைக்கு மட்டும் என்றால் வாணியம்பாடி, ஆம்பூர் தூரத்துக்கு ரூம் போடத் தேவையில்லை.

செலவு யோசனை இருந்தால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்குங்கள். ஆபரேஷன் வரை போகும் என்று தெரிந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்துப் போங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை உண்டு. உங்களுக்குச் சொன்ன ஆபரேஷன் அந்த மருத்துவமனையில் அதில் அடங்குமா என்று தேதி குறிக்கும் முன்பே காப்பீட்டு கவுண்டரில் கேட்டு உறுதி செய்யுங்கள். அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்றும் குடும்ப அட்டையுமாகக் கலெக்டர் ஆபீஸ் போக வேண்டியிருக்கும்.

எங்கே போனாலும் பழைய ஸ்கேனின் படங்களையும் எடுத்துப் போங்கள், வெறும் தாளை மட்டும் இல்லை. வேறிடத்தில் ஊசி போட்டிருந்தால் அந்த லேபிலிருந்து ஸ்லைடுகளைக் கேட்டு வாங்கலாம். பெரிய மருத்துவமனைகள் அதையே தங்கள் நோய்க்குறியியல் துறையில் மறுபடி படிப்பார்கள்; சில சமயம் 3 என்று வந்தது 2 ஆகவும், 5 ஆகவும் மாறுவதுண்டு. ஸ்லைடைத் துணியில் சுற்றிப் பையின் அடியில் போட்டால் உடைந்துவிடும். லேபிலேயே அதற்கான பிளாஸ்டிக் டப்பா கேளுங்கள்.

படி 7: காத்திருப்பதற்கும் ஒரு முறை உண்டு

ஊசி வேண்டாம், ஆபரேஷன் வேண்டாம் என்றால் அத்தோடு முடிந்தது என்று அர்த்தமில்லை. ஊசி போடும் அளவை எட்டாமல் கண்காணிப்பில் இருக்கும் கட்டியில், டிஆர்3க்கு 1, 3, 5ஆம் வருடங்களில் ஸ்கேன். டிஆர்4க்கு 1, 2, 3, 5. டிஆர்5க்கு ஐந்து வருடம் வருடாவருடம். முடிந்தவரை ஒரே இடத்தில் எடுங்கள். 1.4 என்று இருந்தது 1.5 என்று வந்தால் வளர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அளக்கும் கைக்குக் கை அவ்வளவு வித்தியாசம் வரும். இரண்டு திசைகளிலாவது 20 சதவீதமும் குறைந்தது 2 மி.மீ.யும் கூடியிருந்தால்தான் வளர்ச்சி என்று எடுத்துக்கொள்வார்கள்.

கட்டியைக் கரைக்கத் தைராய்டு மாத்திரை போடுவது பழைய பழக்கம். டி.எஸ்.எச். சரியாக இருப்பவர்களுக்கு அதை இப்போது பரிந்துரைப்பதில்லை. இதயப் படபடப்பும் எலும்புத் தேய்மானமும்தான் மிச்சமாகும். அயோடின் உப்பை நிறுத்துவது, முட்டைக்கோஸை ஒதுக்குவது எல்லாம் கட்டியை ஒன்றும் செய்யாது. அடுத்த ஸ்கேன் மாதத்தைக் காலண்டரில் குறித்து வைத்துவிட்டு, வழக்கம்போலச் சாப்பிடுங்கள்.